பல பெட்டிகள், ஒரே களஞ்சியம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"எங்கே வைத்தாய்?" என்பது எல்லா வீடுகளிலும் நாள்தோறும் கேட்கும் கேள்வி. அப்பாவின் மூக்குக் கண்ணாடி, அம்மாவின் சாவிக்கொத்து, குடும்ப அட்டை என்று தேடப்படும் பொருள்கள் பல. ஒரு பொருளை வைப்பது எளிது. வைத்த இடத்தை நினைவில் கொள்வதே கடினம். மனிதரைப் பிடித்த இத்தொல்லை கணிப்பொறியையும் பிடித்தது என்றால் தோழியர் சிலருக்கு வியப்பாக இருக்கும்.

வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, மருத்துவமனைக் குறிப்பு, அரசுத் தேர்வு மதிப்பெண் ஆகிய அனைத்தும் இன்று கணிப்பொறிகளுக்குள் எழுதி வைக்கப்படுகின்றன. ஒரு கணிப்பொறி, அதற்கு ஒரு பெட்டி என்றிருந்த வரையில் கவலை இல்லை. நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளும் பல நிறுவனங்கள் செய்த சேமிப்புப் பெட்டிகளும் ஒரே கூடத்தில் நிற்கும்போது, எது எங்கே இருக்கிறது என்பதே பெரும் பாரமாகிவிடுகிறது. அப்பாரத்தை அறிஞர்கள் எவ்வாறு இறக்கி வைத்தனர்? அதனால் வந்து சேர்ந்த புதிய பொறுப்பு யாது? இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

தட்டுகளின் கதை

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 'ராமாக்' என்ற கணிப்பொறி அமைப்பை உருவாக்கினர். அதன் சேமிப்புப் பெட்டியில் இரண்டடி விட்டமுள்ள 50 காந்தத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. பெட்டியின் எடை ஏறக்குறைய ஒரு டன். அவ்வளவு பெரிய பெட்டியில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று நம் விரல் நகத்தளவுள்ள ஒரு சிறு அட்டையில் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு அடங்கிவிடுகிறது.

தட்டுகள் சிறுத்தன, கொள்ளளவு பெருகியது. ஆயினும் நெடுங்காலம் ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. எந்தக் கணிப்பொறிக்கு வாங்கிய பெட்டியோ, அந்தக் கணிப்பொறிக்கே அது சொந்தம். பெரிய மருத்துவமனை ஒன்றை மனத்தில் கொள்வோம். கணக்குப் பிரிவின் தட்டில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. எக்ஸ்ரே பிரிவின் தட்டோ நிரம்பி வழிகிறது. பக்கத்து அறையில் இடம் இருந்தும் எக்ஸ்ரே பிரிவு புதுப்பெட்டி வாங்க வேண்டும். ஒரு வீட்டில் குதிர் நிறைய நெல்லும், அடுத்த வீட்டில் வெறும் பானையும் இருப்பது போன்ற நிலை இது.

இதனை மாற்ற எழுந்ததே 'ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்' எனப்படும் சேமிப்புப் பிணையம். பெட்டிகளைக் கணிப்பொறியிடமிருந்து பிரித்து ஓரிடத்தில் வைத்தனர். எல்லாக் கணிப்பொறிகளையும் எல்லாப் பெட்டிகளையும் நடுவில் நிற்கும் இணைப்புக் கருவிகள் மூலம் கம்பிகளால் கோத்தனர். இதற்கென்று 'ஃபைபர் சேனல்' என்னும் முறை வகுக்கப்பட்டு 1994இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. பழைய தடித்த கம்பி வடங்கள் சில மீட்டர் தூரமே செல்லும். நீண்டால் 25 மீட்டர். தலைமயிர் போன்ற கண்ணாடி இழை வழியே ஒளியாகச் செல்லும் செய்தியோ 10 கிலோமீட்டர் தூரமும் செல்லும். ஆகவே பெட்டி ஒரு கட்டடத்திலும் கணிப்பொறி வேறொரு கட்டடத்திலும் இருக்கலாம் என்றாயிற்று.

பாதி தீர்ந்த தொல்லை

பிணையம் வந்தபின் எல்லாம் நலமாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கணிப்பொறியும் இன்னும் "இன்ன பெட்டி, அதில் இன்ன எண்ணுள்ள பகுதி" என்று இடத்தைக் குறிப்பிட்டே கேட்டு வந்தது. பெட்டிகள் என்றென்றும் உழைப்பவை அல்ல. சில ஆண்டுகளில் பழசாகிவிடும். பழைய பெட்டியை அகற்ற வேண்டுமானால் கணிப்பொறியை நிறுத்த வேண்டும். உள்ளிருப்பதை எல்லாம் புதுப்பெட்டிக்குப் படி எடுக்க வேண்டும். புதிய இடத்தைக் கணிப்பொறிக்குச் சொல்லித் தர வேண்டும். இதற்காக ஊர் உறங்கும் நள்ளிரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பொறியாளர்கள் கண்விழித்தனர். ஆனால் மருத்துவமனைக்கு உறக்கம் ஏது? ரயில்வேக்கு ஞாயிறு ஏது?

தொல்லையின் வேர், பொருளின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் ஒன்றாகக் கட்டி வைத்ததில் இருந்தது. அக்கட்டை அவிழ்த்ததே இக்கட்டுரையின் மையச் செய்தி.

நூலகம் தரும் பாடம்

நமது பள்ளி நூலகத்தை எண்ணிப் பாருங்கள். நமக்கு வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். நூலகப் பொறுப்பாளர் குறிப்பேட்டைப் பார்த்து, உரிய அலமாரியிலிருந்து எடுத்துத் தருகிறார். கோடை விடுமுறையில் மூன்றாம் அலமாரியில் கறையான் ஏறிவிட, புத்தகங்களை ஏழாம் அலமாரிக்கு மாற்றியிருக்கலாம். நமக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அவர் தம் குறிப்பேட்டில் ஓர் எண்ணைத் திருத்தினார். நாமோ எப்போதும்போல் பெயரை எழுதிக் கொடுத்துப் புத்தகம் பெறுகிறோம்.

கணிப்பொறிக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் இப்படி ஒரு நூலகரை நிறுத்தினால் என்ன? அவ்வாறு நிறுத்துவதையே 'ஸ்டோரேஜ் விர்ச்சுவலைசேஷன்' என்பர். தமிழில் மெய்நிகராக்கம் எனலாம். மெய்க்கு நிகரானது, ஆனால் மெய்யன்று என்பது இச்சொல்லின் பொருள். கணிப்பொறியின் கண்ணுக்கு ஒரே ஒரு முழுத் தட்டு தெரிகிறது. அப்படி ஒரு தட்டு எங்கும் இல்லை. அதன் துண்டுகள் பல பெட்டிகளில் பரவிக் கிடக்கின்றன. கணிப்பொறியின் வேலைக்கோ அது மெய்த்தட்டைப் போலவே பயன்படுகிறது.

இவ்வெண்ணம் ஒரே நாளில் தோன்றியதன்று. 1962இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவான 'அட்லஸ்' கணிப்பொறி, வேகமான சிறு நினைவகத்தையும் மெதுவான பெரிய காந்த உருளையையும் ஒன்றே என்று தோன்றும்படி இணைத்துக் காட்டியது. 1974இல் ஐ.பி.எம். அறிவித்த 3850 என்ற கருவி இன்னும் விந்தையானது. அதனுள் தேன்கூடு போன்ற அறுகோண அறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வோர் அறையிலும் நாடா சுற்றிய சிறு உருளை. ஓர் உருளைக்கு 5 கோடி எழுத்துகள். கணிப்பொறி கேட்டவுடன் இயந்திரக் கை ஒன்று உரிய உருளையை எடுத்து வந்து, அதிலுள்ளதைத் தட்டுக்கு மாற்றிக் கொடுக்கும். தான் தேடியது எப்போதும் தட்டிலேயே இருந்தது என்றுதான் கணிப்பொறி எண்ணிக்கொள்ளும்!

ஹர்ஸ்லி கிராமத்தில் பிறந்த நூலகர்

இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகருக்கு அருகே ஹர்ஸ்லி என்றொரு கிராமம் உண்டு. அங்குள்ள பழைய மாளிகையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் வடிவமைப்பாளர்கள் பணியாற்றினர். 1958 முதல் அங்கே ஐ.பி.எம். ஆய்வுக்கூடம் நடந்து வருகிறது. சான் ஹோசேயிலுள்ள அல்மடென் ஆய்வு மையம் வகுத்த கருத்தை அடிப்படையாகக் கொண்டு, ஹர்ஸ்லி பொறியாளர்கள் 2003இல் 'சான் வால்யூம் கன்ட்ரோலர்' என்ற கருவியை வெளிக்கொணர்ந்தனர். முதல் தட்டுப் பெட்டி பிறந்த அதே சான் ஹோசேக்கு இதிலும் பங்கு கிடைத்தது பொருத்தமே. வேறு நிறுவனங்களும் இத்தகைய கருவிகளைச் செய்கின்றன. எனினும் ஒன்றைத் தெளிவாக அறிந்தால் மற்றவை விளங்கிவிடும் என்பதால் இதனையே எடுத்துக்கொள்வோம்.

இக்கருவி சாதாரண சர்வர் கணிப்பொறிகளால் ஆனது. அவை இரண்டிரண்டாக இணை சேர்ந்து, பிணையத்தின் நடுவில் நிற்கின்றன. பின்புறம் உள்ள பெட்டிகளின் இடம் முழுவதையும் ஒரே குளம்போல் சேர்த்துக்கொள்கின்றன. பின்னர் அக்குளத்தைச் சம அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கின்றன. ஒரு துண்டு 16 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம் எழுத்துகள். ஒரு டெராபைட் அளவுள்ள மெய்நிகர்த் தட்டு வேண்டுமானால் 65,536 துண்டுகள் தேவை. "இத்தட்டின் முதல் துண்டு இன்ன பெட்டியில், இரண்டாம் துண்டு இன்ன பெட்டியில்" என்று 65,536 வரிகள் கொண்ட குறிப்பேடு அதற்கு உண்டு.

துண்டு சிறியதாக இருந்தால் இடம் வீணாகாது. ஆனால் குறிப்பேடு நீளும். இக்கருவியின் தொடக்க காலத்தில் ஒரு தொகுதி 41,94,304 துண்டுகளை மட்டுமே கணக்கில் வைக்க முடிந்தது. 16 மெகாபைட் துண்டு என்றால் மொத்தம் 64 டெராபைட்டோடு நின்றுவிடும். 512 மெகாபைட் துண்டு என்றால் 2,048 டெராபைட் வரை செல்லலாம். நோட்டில் கோடு போடும்போது நெருக்கமாகப் போடுவதா, அகலமாகப் போடுவதா என்று நாம் யோசிப்பது போலவே பொறியாளரும் முதலிலேயே யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

ஓடும் வண்டியில் சக்கரம் மாற்றுதல்

குறிப்பேடு வந்தபின், நள்ளிரவுக் கண்விழிப்பு பெருமளவு நின்றது. பழைய பெட்டியை அகற்ற வேண்டுமா? கருவி ஒரு துண்டை எடுத்துப் புதுப்பெட்டிக்குப் படி எடுக்கிறது. படி எடுத்து முடிந்தவுடன் குறிப்பேட்டில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்துகிறது. பிறகு அடுத்த துண்டு. படி எடுக்கும் பகுதியிலேயே புதிதாக எழுதக் கட்டளை வந்தால், அச்சிறு பகுதி முடியும் வரை கட்டளையைச் சற்றே காக்க வைக்கிறது. இவ்வாறே எல்லாத் துண்டுகளும் இடம் மாறியபின் பழைய பெட்டியைக் கழற்றி எடுத்துவிடலாம். இதற்கிடையில் மருத்துவர் நோயாளியின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அப்படம் காலையில் ஒரு பெட்டியிலும் மாலையில் வேறொரு பெட்டியிலும் இருந்தது அவருக்குத் தெரியாது.

இன்னொரு நன்மையும் உண்டு. நமது விடுதியில் ஒருவருக்கு நான்கு இட்லி வரை உண்டு. நூறு மாணவியர் என்றால் நானூறு இட்லி வேக வைக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் எல்லாரும் நான்கு உண்பதில்லை என்பது சமையல் பொறுப்பாளருக்கு அனுபவத்தில் தெரியும். முந்நூறே போதும். அதுபோல, ஒரு பிரிவு 10 டெராபைட் கேட்டால் "தந்தோம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் உண்மையில் எழுத எழுத மட்டுமே துண்டுகளை ஒதுக்கும் முறை ஒன்று உண்டு. இதனைத் 'தின் ப்ரொவிஷனிங்' என்பர். காலியிடத்திற்காகப் பெட்டி வாங்கிப் பணத்தை முடக்க வேண்டியதில்லை.

ஆயினும் எச்சரிக்கை தேவை. பண்டிகை நாளில் அனைவரும் நான்கு இட்லி கேட்டால் என்ன ஆகும்? குளம் வற்றிவிட்டால், இடம் இருப்பதாக நம்பிய கணிப்பொறிகள் எழுத முடியாமல் நின்றுவிடும். வாக்குக் கொடுப்பவர் கையிருப்பை நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

குறிப்பேடு தொலைந்தால்?

இப்போது நாம் மிக முக்கியமான இடத்திற்கு வந்திருக்கிறோம். நூலகக் குறிப்பேடு தொலைந்தாலும் அலமாரி அலமாரியாகத் தேடிப் புத்தகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு புத்தகத்தையும் பிரித்து, பக்க எண்ணின்றிப் பல அலமாரிகளில் தாள் தாளாக வைத்திருந்தால்? குறிப்பேடு போன அன்றே நூலகமும் போயிற்று. தாள்கள் யாவும் இருக்கும். படிக்கத்தான் ஒன்றும் இராது. மெய்நிகர்த் தட்டின் நிலையும் இதுவே. தட்டுகள் நலமாகச் சுழன்றுகொண்டிருக்கும். எது எதன் துண்டு என்று சொல்லத்தான் ஆளிராது.

ஆகவே பாதுகாப்பைப் பல படிகளாக அமைத்துள்ளனர். முதற்படி பெட்டிக்குள்ளேயே உண்டு. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர் 'ரெய்ட்' என்ற முறையை விளக்கிக் கட்டுரை எழுதினர. 4, 7, 5 என்று மூன்று எண்களை மூன்று தட்டுகளில் எழுதி, அவற்றின் கூட்டுத்தொகையான 16ஐ நான்காம் தட்டில் எழுதுவதாகக் கொள்வோம். 7 இருந்த தட்டு பழுதானால் 16இலிருந்து 4ஐயும் 5ஐயும் கழித்து 7ஐ மீட்கலாம். இதைப் போன்றதொரு கணக்கே அங்கு நடைபெறுகிறது.

இரண்டாம் படியாக, ஹர்ஸ்லிக் கருவியில் தொகுதியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் குறிப்பேட்டின் நகலை வைத்திருக்கிறது. எழுத வந்த செய்தியை ஒரு சர்வர் பெற்றவுடன், தன் இணைச் சர்வரிடமும் ஒரு படி கொடுத்த பின்னரே "எழுதியாயிற்று" என்று பதில் சொல்கிறது. திடீரென மின்சாரம் நின்றால், கையில் உள்ளதைப் பத்திரமாக எழுதி வைக்கும் வரை தாங்க மின்கல ஏற்பாடும் உண்டு.

மூன்றாவது ஓர் ஒழுங்குமுறை. சர்வர்களுக்கு இடையே தொடர்பு அறுந்து இரண்டு அணிகளாகப் பிரிந்துவிட்டால், இரு அணிகளும் தத்தம் குறிப்பேட்டை வெவ்வேறாகத் திருத்தத் தொடங்கும் அபாயம் உண்டு. இரண்டு தலைவியர் ஒரே வருகைப் பதிவேட்டை ஆளுக்கொன்றாக எழுதினால் எது உண்மை? இதற்கென நடுவர் போன்ற ஒரு தட்டைக் குறித்து வைத்துள்ளனர். இரு அணிகளும் சம பலத்தோடு பிரிந்தால், அத்தட்டை முதலில் எட்டிய அணி பணியைத் தொடரும்; மற்ற அணி தானே ஒதுங்கிக்கொள்ளும். தவறாக எழுதுவதைவிட எழுதாமல் நிற்பது மேல் என்பது அவ்வியந்திரத்தின் நீதி. அது நமக்கும் நல்ல நீதியன்றோ?

வர்ஜீனியா கண்ட ஒரு வாரம்

எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்தில் சேர்த்தால், களஞ்சியம் நோயுற்றபோது எல்லாரும் ஒரே நாளில் பட்டினி கிடக்க நேரும். 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் இதனைக் கண்கூடாகக் கண்டது. அம்மாநில அரசின் பல துறைகளுக்குப் பொதுவாக இருந்த பெரிய சேமிப்புப் பெட்டி ஒன்றில் நினைவக அட்டைகள் பழுதாயின. 26 அரசுத் துறைகள் பாதிக்கப்பட்டன. ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகங்கள் ஏறக்குறைய ஒரு வாரம் உரிமம் வழங்க இயலாமல் நின்றன. மக்களுக்கு அந்தப் பெட்டி எங்கிருக்கிறது என்றுகூடத் தெரியாது. வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியபோதுதான், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி வாழ்கிறோம் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

இங்கே மற்றொன்றையும் நாம் கருத வேண்டும். தொலைவிலுள்ள வேறொரு கட்டடத்தில் கண்ணாடி போல் உடனுக்குடன் படி எடுத்து வைப்பது நல்லதே. தீ விபத்திலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் அது காக்கும். ஆனால் கண்ணாடி நம் முகத்தில் உள்ள கரியையும் சேர்த்தே காட்டும். ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அக்கணமே அங்கும் அது அழியும். ஆதலால் நேற்றைய நிலை, சென்ற வார நிலை என்று காலம் குறித்த படிகளைத் தனியே எடுத்து, பிணையத்திலிருந்து பிரித்து வைப்பதும் இன்றியமையாதது. அப்படிகளை அவ்வப்போது திரும்ப எடுத்துப் படித்துப் பார்க்கவும் வேண்டும். திறந்து பாராத பெட்டியை நம்புவது அறிவுடைமை ஆகாது.

நாம் கொள்ள வேண்டியது

பொருளை அதன் இடத்திலிருந்து விடுவித்ததால் வீண் செலவு குறைந்தது. நிறுத்தாமல் பழுது பார்க்க முடிந்தது. ஒருவரின் மிச்சம் மற்றவரின் தேவைக்கு உதவியது. அதே நேரத்தில் பாரம் முழுவதும் குறிப்பேட்டின்மீதும், அதனைக் காப்பவர்மீதும் இறங்கியது. முன்பு நூறு பேர் நூறு பெட்டிகளைக் காத்தனர். இன்று ஒரு சிலர் அனைவருக்காகவும் விழித்திருக்கின்றனர்.

அந்த 65,536 வரிகளில் ஒரு வரிக்குள் யாரோ ஒரு தாயின் இரத்தப் பரிசோதனை முடிவு இருக்கலாம். யாரோ ஒரு மாணவியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் இருக்கலாம். ஒரு கிழவரின் ஓய்வூதியக் கணக்கு இருக்கலாம். இயந்திரத்திற்கு அவை யாவும் ஒரே அளவுள்ள துண்டுகள். மனிதராகிய நமக்கு அவ்வாறு இருக்கலாகாது.

அன்புத் தோழியரே! நம்மில் சிலர் நாளை பொறியாளராகி இக்களஞ்சியங்களைக் காக்கும் பணிக்குச் செல்லக்கூடும். அன்று ஒரு வரியைத் திருத்துமுன், அதன் மறுமுனையில் காத்திருப்பவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். பெற்றோரும் தங்கள் வீட்டுப் பிறப்புச் சான்றிதழ், நிலப்பத்திரம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை எங்குள்ளன என்று ஒரு தாளில் எழுதி, அதற்கு ஒரு நகலும் எடுத்து வேறோர் இடத்தில் வைப்பார்களாக. பெரிய களஞ்சியங்களைக் காக்கும் அறிவும் இச்சிறு பழக்கமும் ஒரே விதையிலிருந்து முளைத்தவை.